வண்டு இசை நாடகத்துக்குத் தயாரான விதம்

அவருடைய முனகல் மூக்கில்தான் தொடங்கும். கையில் ஒரு ஸ்பேனர் வந்து உட்கார்ந்ததும் உதடுகள் தாமாக ஒட்டிக்கொள்ளும். மேலுதடு லேசாக இடப்பக்கம் கோணும். மூக்குக் கண்ணாடி அழுத்துகிற அந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு சின்ன அதிர்வு கிளம்பும். முதலில் அதைச் சத்தம் என்றே சொல்ல முடியாது. அடுத்த தெருவில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்டதுபோல இருக்கும். பிறகு சுருதி சேரும். நட்டு இறுக இறுக ஏறும், தளரத் தளர இறங்கும். ஸ்பேனர் பைக்குள் போனதும் பாட்டும் பைக்குள் போய்விடும். இதெல்லாம் நடப்பது ஊருக்கே தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவரை எல்லோரும் வண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன் அந்தப் பெயர் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் உருண்டை, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

வண்டுக்கு ஒரே மகள். பதினைந்து வயது. அந்த வயதைத் தொட்டதிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதெல்லாம் தந்தி பாஷையாகிவிட்டது. "ம்." "சரி." "என் சார்ஜர் எங்க?" அறைக் கதவு மூடியே இருக்கும். நாள் முழுக்க ஊரார் கதவுகளைத் திறந்து மூடிச் சரிபார்க்கிற மனுஷனுக்குச் சொந்த வீட்டில் ஒரு கதவு மட்டும் மசியவில்லை. உள்ளே எந்நேரமும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். சினிமாப் பாட்டு இல்லை. மேடையில் நடித்துக்கொண்டே பாடுகிறார்களே, அந்த இசை நாடகப் பாட்டுகள். அவளுடைய உலகம் இப்போது அதுதான்.

ஒருநாள் அந்தக் கதவு தானாகத் திறந்தது. வண்டு கூடத்தில் உட்கார்ந்து டூல் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வந்து, மூடியிருந்த அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள்.

"அப்பா, பெரிய நகரத்துக்கு அந்த நாடகக் குழு வருதுப்பா. லீவுலதான். ஒரே நாள்ல இல்ல, சனிக்கிழமை ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு, ரெண்டு நாடகம் பாத்துடலாம். நான் மூணு வருஷமா காத்துட்டிருக்கேன். யாராவது பெரியவங்க கூட வரணும். அம்மாவைக் கேட்டேன், வரமாட்டாங்களாம்."

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "என்னை இருட்டுல உட்கார வச்சா தூங்கிடுவேன். தூங்கறதுக்கு எதுக்கு ரயில் ஏறிப் போகணும்? நம்ம வீட்லயே கட்டில் இருக்கு."

"நான் வரேன்," என்றார் வண்டு. என்ன நாடகம், எங்கே தங்குவது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் இத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல அவரிடம் பேசி எவ்வளவு நாளாகிறது என்று மட்டும் அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் டூல் பாக்ஸ் மேல் கூட்டம் கூடியது. மகள் போனை வைத்துக்கொண்டு திட்டம் போடுவாள், வண்டு தலையாட்டுவார். சனிக்கிழமை நாடகம் ஒரு கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கிற இரட்டைச் சகோதரிகளைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை நாடகம்தான் அவளுடைய உயிர். ஒரு ரயில் நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களை வைக்கிற அறை. ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பொருள்களெல்லாம் பாடும்.

"குடை எப்படிம்மா பாடும்?"

"உங்க லிஃப்ட் மட்டும் 'கதவு மூடுகிறது'ன்னு பேசுதே, அதை என்னைக்காவது எப்படின்னு கேட்டீங்களா?"

வண்டு குடையின் பாட்டை ஒப்புக்கொண்டார். நியாயமான கேள்விதான்.

இருக்கை தேர்ந்தெடுக்கும்போது லேசாக உரசல் வந்தது. அரங்கத்தின் வரைபடத்தை வண்டு கட்டட வரைபடம் பார்ப்பதுபோல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இந்த ஓரத்துல போடு. வாசல் பக்கத்துல. ஏதாவதுன்னா டக்குனு வெளியே வந்துடலாம்."

"அப்பா, அது அரங்கம். யாரும் உள்ள மாட்டிக்க மாட்டாங்க. நடுவுலதான் உட்காரப் போறோம்."

"சரி, நடுவுல. ஆனா ஒண்ணு. அந்த ஊர்ல ஒரு பழைய துணிக்கடை இருக்காம். அதுல கம்பிக் கதவு போட்ட லிஃப்ட் இன்னும் ஓடுதாம். போயிட்டு..."

மகள் யோசித்தாள். ஒரு நாட்டுக்குச் சலுகை வழங்குகிற முகம். "ஒரு லிஃப்ட். ஒண்ணே ஒண்ணு. ஏறி இறங்கிட்டு வந்துடணும். அங்க இருக்கறவங்ககிட்ட மோட்டார் பத்திப் பேசக் கூடாது."

"ஒரு கேள்வியாவது?"

"கூடாது."

ஒப்பந்தம் முடிந்தது. பிறகுதான் மகள் அந்தத் தப்பைச் செய்தாள். நாடகத்துக்கு நடுவில் அப்பா "யார் இவ? இப்ப ஏன் அழறா?" என்று கேட்டுத் தொலைப்பாரே என்று பயந்து, இரண்டு நாடகத்தின் பாட்டுகளையும் முன்கூட்டியே அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்க வேண்டும். எந்தப் பாட்டு யார் பாடுவது என்று அவள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வண்டு நல்ல மாணவர். பேருந்தில் கேட்டார், டீக்கடையில் கேட்டார், குளிக்கப் போவதற்கு முன் கேட்டார். பாட்டுகள் காது வழியாகப் போய் அவருக்குள் எங்கேயோ வாடகை தராமல் குடியேறின.

ஒரு வாரம் கழித்து, பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் அவருக்கு வேலை. லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நீண்ட இருட்டுக் குழியை ஷாஃப்ட் என்பார்கள். லிஃப்டை நடுவில் நிறுத்தி, அதன் கூரை மேல் நின்றுகொண்டு, கதவின் உருளைகளை மாற்றிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. அன்றைக்கு அவசர அழைப்புகள் எல்லாம் அவருக்குத்தான் திருப்பி விடப்பட்டிருந்தன.

"லிஃப்ட் கம்பெனியா? உங்க நம்பர் கதவு பக்கத்துல ஒட்டியிருக்கு. ஆறாவது மாடிலேருந்து பேசறேன். உள்ள யாரோ மாட்டிக்கிட்டு முனகறாங்க. வயசானவர் போல இருக்கு."

வண்டு பதறிவிட்டார். "பயப்படாதீங்கம்மா, நான் இதே கட்டடத்துலதான் இருக்கேன். இப்பவும் சத்தம் கேக்குதா?"

அந்த அம்மாள் கதவில் காதை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். "இல்லையே. நின்னு போச்சு. ஐயோ, மயங்கிட்டாரோ என்னவோ!"

வண்டு கூரையிலிருந்த மூடியைத் திறந்து தலைகீழாகத் தொங்கி உள்ளே பார்த்தார். ஆள் அரவம் இல்லை. கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே பார்த்தார். ஒன்றும் இல்லை. அந்த அம்மாளிடம் சமாதானம் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன்.

"மறுபடி ஆரம்பிச்சுட்டாரு!"

வண்டு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "இப்ப?"

"இப்ப இல்ல. நீங்க பேசினா நிறுத்திடறாரு."

மறுபடியும் தேடல். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை அந்த அம்மாளின் குரலே மாறியிருந்தது. "என்னங்க இது, இந்தத் தடவை பாட்டு மாதிரி இருக்கு. வலி தாங்காம பாடறாரு போல. நல்ல ராகம்தான், பாவம்."

வண்டு ஸ்பேனரைப் பார்த்தார். தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தார். அவை ஒட்டியிருந்தன. அந்தப் பெயர் எதற்கு வந்தது என்பது பல வருஷம் கழித்து, இரண்டு மாடிகளுக்கு நடுவே, கிரீஸ் கையோடு அவருக்கு உறைத்தது.

இதை அவர் கமுக்கமாக வைத்திருக்கலாம். ஆனால் சிரிப்பு யாரை விட்டது? இரவுச் சாப்பாட்டின்போது அந்த அம்மாள் குரலிலேயே பேசி நடித்துக் காட்டினார். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் மட்டும் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"என்ன பாட்டு அது?"

"அதான், அந்தக் குடை பாடுமே, மழைக்காகக் காத்திருக்கிற..."

"அப்பா! அது நாடகத்துலயே ரொம்ப முக்கியமான இடம். மொத்த அரங்கமும் மூச்சு விடாம இருக்கும். நீங்க அங்க உட்கார்ந்து ம்ம்ம்னு..." அவள் தட்டைத் தள்ளிவைத்தாள். "நான் சித்தியோட போறேன்."

சித்தி என்பது மனைவியின் தங்கை. நூலகத்தில் வேலை. அமைதியாக இருப்பதற்கும் அடுத்தவரை அமைதியாக இருக்கவைப்பதற்கும் சேர்த்துச் சம்பளம் வாங்குபவள். அவளோடு போட்டி போட்டு வண்டு எப்படி ஜெயிக்க முடியும்?

மறுநாள் சாயங்காலம் டூல் பாக்ஸ் மேல் யாரும் வந்து உட்காரவில்லை. கதவு மூடிக்கொண்டது. வண்டுக்கு நாடகம் போனதில் பெரிய வருத்தமில்லை. குடை பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன. ஆனால் சாயங்காலங்களில் மறுபடியும் "ம்", "சரி", "சார்ஜர் எங்க" என்று ஆகிவிடுமே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இரவு கதவைத் தட்டினார்.

"ஒரு பரீட்சை வை. முனகாம இருந்து காட்டறேன். முடியலைன்னா சித்தியைக் கூட்டிட்டுப் போ."

கதவுக்குப் பின்னாலிருந்து நிபந்தனை வந்தது. "அம்மாதான் நடுவர். நாடகப் பாட்டு ரெண்டு பாதிக்கும் முழுசா உட்காரணும்."

ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலைகளை இழுத்துவிட்டுக் கூடத்தை அரங்கமாக்கினார்கள். வண்டு சோபாவின் நடுவில். மகள் பக்கத்தில், அப்பாவின் தொண்டையையே பார்த்தபடி. மனைவி வாசற்படியில் கையில் கரண்டியோடு. முதல் பாட்டே முடியவில்லை, கரண்டி கதவில் மோதியது.

"நான் இல்ல," என்றார் வண்டு. "ஃப்ரிட்ஜ்."

மகள் எழுந்து போய் ஃப்ரிட்ஜின் சுவிட்சை அணைத்தாள். பாட்டை மறுபடி போட்டார்கள். சத்தம் நிற்கவில்லை.

"ஃப்ரிட்ஜ் இப்ப சோபாவுல உட்கார்ந்திருக்கு," என்றாள் மனைவி.

அடுத்த முறை மனைவி கடையிலிருந்து தொண்டை மிட்டாய் கொண்டுவந்தாள். வாயில் ஒன்றைப் போட்டு அடக்கிக்கொண்டால் முனகல் வராது என்பது யோசனை. முனகல் வரவில்லைதான். ஆனால் மிட்டாய் பல்லில் முட்டித் தாளம் போட்டது. சோகமான பாட்டு வந்தபோது தாளம் இன்னும் வேகமாயிற்று. "இதுக்கு அதுவே தேவலை," என்று மகள் சோபாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் அவள் தோள் குலுங்கியது சிரிப்பில் என்பதை வண்டு கவனித்துவிட்டார். பரீட்சையில் தோற்பதுகூட அவ்வளவு மோசமில்லை என்று ஒரு கணம் தோன்றியது. உடனே சித்தியின் முகம் ஞாபகம் வந்து அந்த எண்ணத்தைக் கலைத்தது.

வழியை அவரே கண்டுபிடித்தார், வேலை செய்யும் இடத்தில். உதடு ஒட்டினால்தானே முனகல்? ஒட்டாமல் இருந்தால்? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. வாய்தான் காய்ந்துபோயிற்று. கூட வேலை பார்ப்பவர்கள் பல்வலியா என்று விசாரித்தார்கள்.

மூன்றாவது பரீட்சையில் வண்டு தாடையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். முதல் பாதி முடிந்தது. கரண்டி அசையவில்லை. இரண்டாம் பாதி. குடையின் பாட்டு வந்தது. வண்டின் கழுத்து நரம்பு புடைத்தது, விரல்கள் சோபாவின் துணியைப் பிசைந்தன, ஆனால் வாய் குகைபோலத் திறந்தே கிடந்தது. பாட்டு முடிந்தது. மனைவி கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "பாஸ்."

"ஆனா இப்படி வாயைப் பொளந்துட்டு உட்கார்ந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் மகள்.

"அசந்துபோய்ப் பாக்கறாருன்னு நினைப்பாங்க. நாடகம் போடறவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்."

மகள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு போய் டூல் பாக்ஸ் மேல் உட்கார்ந்தாள். "சரி. ரயில்ல ஜன்னல் சீட்டு எனக்கு."

நகரத்தில் முதல் நாள் கச்சிதமாகப் போயிற்று. துணிக்கடை லிஃப்டில் ஏறினார்கள். வண்டு கம்பிக் கதவை ஒரு தரம் தடவிப் பார்த்தார், கேள்வி எதுவும் கேட்கவில்லை, கேட்காமல் இருந்ததில் அவருக்குக் கண் கலங்கியதை மகள் பார்த்து, "சரி, இன்னொரு தடவை ஏறிக்கலாம்," என்றாள். சாயங்காலம் கலங்கரை விளக்கச் சகோதரிகள். வண்டு திறந்த வாயோடு உட்கார்ந்து எழுந்தார். கறையில்லாத வெற்றி.

மறுநாள் மதியம் அந்த நாடகம். சிவப்பு இருக்கைகள், தலைக்கு மேல் அடுக்கடுக்காக மாடங்கள். நடு வரிசை, நடு இருக்கை. மகள் இருக்கையின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்; முதுகு சாயவே இல்லை. விளக்கு அணைந்தது. திரை விலகியபோது மேடையில் பெட்டிகளும் தொப்பிகளும் ஒற்றைச் செருப்புகளும் குவிந்து கிடந்தன, நிஜமாகவே யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல. வண்டு தாடையை இறக்கினார். பொருள்கள் ஒவ்வொன்றாக எழுந்து பாடின. யார் எது என்று அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு மேடை நீல வெளிச்சத்துக்கு மாறியது. குடை வந்தது. ஒரு மெலிந்த பெண், கறுப்பு உடை, ஒரு காலில் நின்றாள். பாட்டு அவ்வளவு மெதுவாகத் தொடங்கியது, தொடங்கியதே தெரியவில்லை. அரங்கம் மூச்சை அடக்கியது. மகள் சொன்னது சரிதான்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

அடுத்த தெருவில் மோட்டார் போட்டதுபோல. மூக்கிலிருந்து. பிறகு சுருதி சேர்ந்து, பாட்டோடு ஏறியது. போச்சு, எல்லாம் போச்சு என்று வண்டு விரலால் வாயைத் தொட்டுப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும். மூச்சைப் பிடித்துப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை.

மெல்லத் தலையைத் திருப்பினார். மகள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் ஈரமாக இருந்தது. உதடுகள் ஒட்டியிருந்தன. மேலுதடு லேசாக இடப்பக்கம் கோணியிருந்தது.

வண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். மேடையில் என்ன நடந்தது என்று அதற்குப் பிறகு அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தக் காரியம் அவள் எவ்வளவு நாளாகச் செய்கிறாள்? கதவுக்குப் பின்னால், பாட்டுச் சத்தத்துக்கு அடியில், யாருக்கும் கேட்காமல் இத்தனை நாளும் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அவளுக்கும் இது தெரியாது. நிச்சயமாகத் தெரியாது.

முன் வரிசையிலிருந்த பெண்மணி சடாரென்று திரும்பினார். அவர் கண்ணில் பட்டது வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்த ஒரு நடுவயது ஆள்.

"கொஞ்சம் நிறுத்தறீங்களா? பாட்டு கேக்க வந்திருக்கோம்."

மகளின் முனகல் அந்த நொடியில் அறுந்தது. வண்டு ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார். "பழக்கம். இனிமே வராது."

பெண்மணி தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். வண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். கைப்பிடியின் மேல் இருந்த அவர் கையின் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. சில்லென்று, கொஞ்சம் பிசுபிசுப்பாக, நகத்தில் பாதி உரிந்த சாயத்தோடு. அது அவர் விரல்களை இறுக்கிப் பிடித்தது. தெருவைக் கடக்கும்போதுகூட மகள் அவர் கையைப் பிடித்து வருஷக்கணக்காகிறது. வண்டுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திட்டு விழுந்ததும் அவளுக்கே தன் முனகல் உறைத்திருக்கிறது. தன் மேல் வரவேண்டிய ஏச்சை அப்பா ஏற்றுக்கொண்டதற்கு அவள் நன்றி சொல்கிறாள். அதை வாயால் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவரும் விரல்களை ஒரு தரம் அழுத்திப் பதில் சொன்னார். நாடகம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

ரயிலில் அவள் ஜன்னலோரம் சாய்ந்து நாடகத்தைப் பற்றிப் பேசித் தீர்த்தாள். அந்த இடத்தைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "முனகினீங்களா?" என்று கேட்டபோது வண்டு, "அதெல்லாம் நல்லபடியா முடிஞ்சுது," என்று மட்டும் சொன்னார். மகளுடைய ரகசியத்தைக் காப்பாற்றுகிற பெருமிதத்தில் கொஞ்ச நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். வேலைக்கு நடுவே அதை நினைத்துச் சிரித்துக்கொள்வார்.

இரண்டு மாதம் கழித்துச் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். டீயை ஆற்றிக்கொண்டே வண்டைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்ன மாமா, அங்க போயும் விடலையாமே?"

"எதை?"

"உங்க பொண்ணுதான் வந்த அன்னைக்கே போன் பண்ணிச் சொன்னா. 'சித்தி, அப்பா எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், குடை பாட்டுல மட்டும் முடியல. முன்னாடி இருந்தவங்க திட்டிட்டாங்க. அவர் மூஞ்சியைப் பாக்கவே பாவமா இருந்துச்சு. எனக்குக் கோவமே வரல. பரவாயில்லைப்பான்னு சொல்றதுக்காகக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அவர் முனகவே இல்ல'ன்னா. சரி, அடுத்த வருஷம் நான் வரட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம் சித்தி, அப்பாவுக்கு இப்பத்தான் கொஞ்சம் பழகியிருக்கு, நடுவுல விட்டா மறந்துடுவார்'னுட்டா."